இடுக்கி கைமாறிய சனிக்கிழமை

மெர்வ் டாலிமோர் அன்றைக்கு முழுக்கால்சட்டை போட்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, அந்த ஊரில் அது நடுக்கோடை. வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. வடக்குக் காற்று உலைவாயைத் திறந்துவிட்ட மாதிரி அடிக்கிறது. தெருவில் இருக்கிற ஆம்பளை ஒவ்வொருத்தனும் அரைக்கால்சட்டையும் ரப்பர் செருப்புமாகத் திரிகிறான். இவர் மட்டும் ஏதோ சாவு வீட்டுக்குக் கிளம்பினவர் மாதிரி கணுக்கால் வரைக்கும் மூடிக்கொண்டு, தன் வீட்டுக் கொல்லையில், பார்பிக்யூ அடுப்புக்கு முன்னால் நின்றார்.

மகள் ஜெனீன் முட்டைக்கோஸ் சாலட்டை மேசையில் வைத்துவிட்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். அடிலெய்டிலிருந்து முந்தின நாள் சாயங்காலம்தான் வண்டியோட்டி வந்திருந்தாள்.

"என்னப்பா இது, இந்த வெயில்ல போய்?"

"ஈ கடிக்குது."

"ஈ என்னிக்குப்பா கடிக்காம இருந்துச்சு?"

"இந்த வருஷம் ஜாஸ்தி."

அவள் மேலே கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தாள். அந்தப் பார்வைதான் மெர்வுக்குப் பிடிக்காது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் பார்வை அது.

விஷயம் ஈ இல்லை. ஆறு மாசத்துக்கு முன்னால், குளிர்காலத்தில், டிரெய்லர் கொக்கி இடது முழங்காலுக்குக் கீழே இடித்தது. அப்போது அது ஒரு கீறல். இப்போது குழி. ஊருக்கு வாரத்துக்கு ஒரு நாள் டாக்டர் வருகிறார், ஒவ்வொரு தடவையும் வேறே ஒரு பொடியன். அவன்களிடம் காலைக் காட்டினால் காலோடு சேர்த்து ஆளையும் கொண்டுபோய்விடுவான்கள் என்பது மெர்வின் கணக்கு. அதனால் மருந்துக்கடையில் துணி வாங்கித் தானே சுற்றிக் கட்டிக்கொண்டார். சுற்றச் சுற்ற அது பெரிதாகிக்கொண்டே போனது.

இதைவிடப் பெரிய விஷயம், அடிலெய்டில் வயசானவர்கள் இருக்கிற ஒரு விடுதியில் அறை ஒன்று காலியாகியிருந்தது. புது வருஷத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "பார்பிக்யூவுக்கு வர்றேன்பா, எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டு அப்புறம் பேசலாம்" என்று ஜெனீன் போனில் சொன்னபோதே மெர்வுக்கு விளங்கிவிட்டது. இது விருந்து இல்லை, பரிசோதனை. இன்றைக்குக் கடைசி வரைக்கும் நின்றால் வீடு. நடுவில் உட்கார்ந்தால் அடிலெய்டு.

நிற்பதுதானே என்று நினைக்கலாம். அந்தத் தெருவில் அது சாதாரணம் இல்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பார்பிக்யூ மெர்வ் வீட்டுக் கொல்லையில்தான். கறி புரட்டுகிற இடுக்கி மெர்வ் கையில்தான். அடுத்தவன் பார்பிக்யூவில் அவன் இடுக்கியைத் தொடுவதும், அவன் காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவதும் அங்கே ஒன்றுதான். யாரும் செய்ய மாட்டார்கள். பீர் புட்டியோடு சுற்றி நிற்பார்கள், பார்ப்பார்கள், ஆளுக்கொரு குற்றம் சொல்வார்கள், கை மட்டும் நீளாது. தானாக ஒருத்தன் இடுக்கியைக் கொடுத்தால்தான் அது கைமாறும். அப்படிக் கொடுத்தால் திரும்ப வராது. மெர்வுக்கு முன்னால் அது ஆர்ச்சி ஸ்டோடார்ட் வீட்டுக் கொல்லையில் நடந்தது, இடுக்கியை அவர் பிடித்திருந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு, "இந்தா, கொஞ்சம் புடி" என்று மெர்வ் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கொல்லை முழுக்க ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிட்டது. அடுத்த குளிர்காலத்துக்குள் ஆர்ச்சியின் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டிருந்தது.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி, தங்கள் தங்கள் கறி. முதலில் வந்தவர் எதிர்வீட்டு ரஸ். ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவர். இன்றைக்குத் தீத்தடை நாள், வெட்டவெளியில் விறகு, கரி, தீக்குச்சி எதுவும் கூடாது, வீட்டையொட்டி காஸ் அடுப்பு மட்டும்தான், அதுவும் பக்கத்தில் தண்ணீர் இருந்தால். அதனால் ரஸ் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, அதற்கும் பக்கத்தில் தன்னையும் போட்டுக்கொண்டார்.

"என்ன மெர்வ், சாசேஜ் இன்னும் உயிரோட இருக்கு போல."

"உன்னைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கு."

"வெங்காயத்தைக் கருக்கிட்ட."

"கருகினாத்தான் உன் பெண்டாட்டிக்குப் பிடிக்கும். வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்குமில்ல."

ரஸ் சிரித்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரிதான்."

ரஸ் நகர்ந்ததும் அடுத்தவர் வந்தார். அவரும் அடுப்பு மேல் கறி வேகிற இரும்புத் தகட்டைப் பார்த்தார், ஒரு குத்தல் சொன்னார், எல்லாம் சரியா என்றார், போனார். அப்புறம் இன்னொருத்தர். எல்லாரும் கேட்டார்கள். ஒருத்தர்கூட "தள்ளு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லவில்லை. கல்நெஞ்சம் என்று சொல்ல முடியாது, மரியாதை. மெர்வும் ஆர்ச்சிக்கு இதே மரியாதையைத்தான் வருஷக்கணக்காகக் கொடுத்திருந்தார். அந்த மரியாதை எவ்வளவு கனம் என்று இப்போதுதான் காலுக்குத் தெரிந்தது. வலது காலில் பாரத்தைப் போட்டார். இடது கால் நெருப்புத் துண்டு மாதிரி தெறித்தது. கட்டுக்குள்ளே ஏதோ ஈரமாக இறங்கிக்கொண்டிருந்தது.

சலிப்பாக இருந்தது. கால் வலி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சாசேஜ், இந்தப் புகை, ஒரே குத்தலுக்கு ஒரே பதில், எல்லாமே சலித்துப்போயிருந்தது. எப்போது சலித்தது என்று அவருக்கே தெரியாது. மனைவி போனதிலிருந்து என்று ஜெனீன் சொல்வாள். அதற்கு முன்னாலேயே இருக்கும் என்று மெர்வுக்குச் சந்தேகம்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நவ்ரூஸ் வந்தான். முப்பத்தைந்து வயசு ஆப்கான்காரன். ஊருக்கு வெளியே இருக்கிற இறைச்சி ஆலையில் எலும்பெடுக்கிற வரிசையில் வேலை. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தப் பார்பிக்யூவுக்கு அவனைக் கூப்பிட்டது ரஸ், மெர்வ் இல்லை. மெர்வுக்கு அவன் மேல் தனியாகக் கோபம் ஒன்றும் கிடையாது. பொதுவாக எல்லார் மேலும் இருக்கிற சந்தேகம்தான். கூடுதலாக, தினம் காலையில் அவன் வேலிக்கு மேலே "குட் மார்னிங், மிஸ்டர் மெர்வ்" என்பான். காரணமில்லாமல் ஒருத்தன் தினம் அப்படிச் சொல்வானா என்பது மெர்வின் கேள்வி.

நவ்ரூஸின் ஒரு கையில் பெரிய கிண்ணம், தயிரும் பூண்டும் போட்டு ஊறவைத்த ஆட்டுக்கறி. மறு கையில் நீளமான இரும்புத் தொட்டி. பின்னாலேயே அவன் மனைவி மாசூமா ரொட்டி மூட்டையும் தட்டுமாக வந்தாள். தொட்டியைப் புல்லில் வைத்தான், பையிலிருந்து கரியைக் கொட்டினான், சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தான்.

கொல்லையில் இருந்த மொத்தப் பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ரஸ் அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடினார்.

"ஏய், ஏய், ஏய். அதை உள்ள வை. உள்ள வைய்யா."

"கரி மட்டும்தான்," என்றான் நவ்ரூஸ். "சின்ன நெருப்பு."

"சின்ன நெருப்புலதான் போன வருஷம் அந்தப் பக்கத்து மலை மொத்தமும் போச்சு. இன்னிக்குத் தீத்தடை. நீ அதைத் தட்டினா நானே உன்னைப் புடிச்சுக் குடுக்கணும், அப்புறம் என் பெண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா, உன் ரொட்டின்னா அவளுக்கு உசிரு."

நவ்ரூஸ் லைட்டரைப் பையில் போட்டான். முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க. தெரியாது."

"தெரியாட்டி என்ன. கறியைக் கொண்டா, மெர்வ் தகட்டுல போட்டுக்கலாம்."

யாரைக் கேட்டுச் சொல்கிறான் இவன், என்று மெர்வ் உள்ளுக்குள் பொருமினார். நவ்ரூஸ் தகட்டைப் பார்த்தான், அதில் உருகி ஓடுகிற கொழுப்பைப் பார்த்தான், அசையவில்லை.

"என்ன?" என்றார் மெர்வ்.

"அது பன்னியா, மிஸ்டர் மெர்வ்?"

"பாதி பன்னி, பாதி மாடு. எது எதுன்னு அதைச் செஞ்சவனுக்கே தெரியாது."

"நாங்க பன்னி சாப்பிடமாட்டோம். அந்தக் கொழுப்பும் படக்கூடாது. பரவாயில்ல, நான் வீட்டுல போய் அடுப்புல வச்சுட்டு வர்றேன்."

எல்லாரும் மெர்வையே பார்த்தார்கள். ஜெனீனும் பார்த்தாள். வந்தவனைக் கறியோடு திருப்பி அனுப்பினால் கிழவருக்குப் புத்தி மங்கிவிட்டது என்பாள். அதுவும் கணக்கில் சேரும்.

"வலது பக்கம் எடுத்துக்க," என்றார் மெர்வ். "நீயே தேச்சுக் கழுவிக்க. என்னால முடியாது."

கடைசி இரண்டு வார்த்தையும் எப்படி வெளியே வந்ததோ தெரியாது. நல்லவேளை, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நவ்ரூஸ் சட்டைக் கையை மடித்தான். வலது பாதியைச் சுரண்டினான், வெந்நீர் ஊற்றித் தேய்த்தான், துடைத்தான், அதற்கு மேல் இரண்டு மடிப்பு அலுமினியத் தாள் விரித்தான், நடுவில் தாளையே வரப்பு மாதிரி மடித்து நிறுத்தினான். வீட்டிலிருந்து மாசூமா அவர்கள் இடுக்கியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கறி தாளில் விழுந்து சத்தம் போட்டது. ஒரு தகட்டுக்கு முன்னால் இரண்டு ஆள், இரண்டு இடுக்கி. அந்தக் கொல்லை அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. ரஸ் மட்டும், "நடுவுல எல்லைச் சண்டை வந்தா சொல்லுங்க, குழாய் ரெடியா இருக்கு" என்றார்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் புரட்டினார்கள்.

"மிஸ்டர் மெர்வ்."

"அந்த மிஸ்டரை வீட்டுல வச்சுட்டு வா."

"சரி. உங்க இடது கால்ல என்ன?"

மெர்வ் நிமிரவில்லை. "ஒண்ணுமில்ல."

"நான் வந்ததுலேருந்து நீங்க ஒரு கால்லதான் நிக்கிறீங்க. எங்க ஆலையில மாடு இப்படி நின்னா, வரிசையிலேருந்து தனியா ஒதுக்கிடுவாங்க. அன்னிக்கே."

மெர்வுக்கு ரத்தம் ஏறியது. இடுக்கியைத் தகட்டின் விளிம்பில் வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"யார் சொல்லிக் குடுத்தா? ஜெனீனா?"

"ஜெனீன் யாரு?"

"என் மக. அதோ, அந்தத் தொப்பி போட்டவ."

நவ்ரூஸ் எட்டிப் பார்த்தான். "அவங்களோட நான் பேசினதே இல்ல. எனக்கு எதுக்கு யாராவது சொல்லணும்? நாள் முழுக்க நான் காலைத்தான் பாக்கிறேன். எது நல்லா இருக்கு, எது இல்லன்னு பாக்கிறதுக்குத்தான் சம்பளம்."

பொய் சொல்கிறவன் இவ்வளவு மோசமாகப் பேசமாட்டான் என்று மெர்வுக்குத் தோன்றியது. ஒருத்தரை மாட்டோடு சேர்த்துப் பேசிவிட்டு அது தப்பு என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஏனோ அதில் ஒரு நிம்மதி இருந்தது. காலையிலிருந்து எல்லாரும் "சரியா, சரியா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவன் ஒருத்தன்தான் சரியில்லை என்று சொன்னான்.

"உக்காரக் கூடாதா?" என்றான் நவ்ரூஸ்.

"கூடாது."

"ஏன்?"

"இடுக்கியைக் குடுத்துட்டு உக்காந்தா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

"என்ன முடிஞ்சுபோச்சு?"

மெர்வ் வாயைத் திறந்தார். என்ன முடிந்துபோகும் என்று அதுவரைக்கும் அவர் யாருக்கும் விளக்க வேண்டி வந்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எப்படி விளக்குவது. ஆர்ச்சியைச் சொல்லலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆர்ச்சி வீட்டை விற்றது சிறுநீரகம் கெட்டதால். இடுக்கியைக் கொடுத்ததால் இல்லை. இத்தனை வருஷமாக இரண்டையும் சேர்த்தே நினைத்திருந்தார். தெருவே அப்படித்தான் நினைத்திருந்தது.

இடுக்கியை மறுபடி எடுத்து ஒரு சாசேஜைப் புரட்டப் போனார். இடது கால் திடீரென்று மடங்கியது. தகட்டின் விளிம்பைப் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்ற புத்தி மட்டும் எப்படியோ இருந்தது. நவ்ரூஸின் தோளைப் பிடித்துக்கொண்டார். சாசேஜ் புல்லில் விழுந்து உருண்டது. ஜெனீன் தூரத்திலிருந்து தலையைத் திருப்பினாள், தட்டைக் கீழே வைத்தாள், நடக்க ஆரம்பித்தாள்.

அவள் வந்து சேர்ந்து, "அப்பா, நீங்க உக்காருங்க, அவர் பாத்துக்கட்டும்" என்று சொன்னால் அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அது அவள் தீர்ப்பாகிவிடும். மெர்வ் கையில் இருந்த இடுக்கியைப் பார்த்தார். பிடி தேய்ந்து பளபளவென்று இருந்தது. அதன் மேல் ஒரு பாசமும் வரவில்லை.

"இந்தா," என்றார். "எனக்கு முடியல. நீயே பாத்துக்க."

அவர் வேண்டுமென்றே சத்தமாகத்தான் சொன்னார். அந்தத் தெருவில் அதற்கு அர்த்தம் சொல்லியும் விளங்காத ஒரே ஆளிடம் கொடுத்தார். நவ்ரூஸ் அதை வாங்கி இடது கையில் பிடித்தான், தன்னுடையதை வலது கையில் வைத்துக்கொண்டான்.

"உங்களுது இந்தக் கை, எங்களுது இந்தக் கை. கலக்காது," என்றான். "பன்னி வெந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்? நான் சமைச்சதே இல்ல."

"எல்லாப் பக்கமும் பழுப்பானா எடு. ரஸ்ஸுக்குக் கருப்பானதைக் குடு."

கொல்லையில் பேச்சு நின்றது. ஐஸ்பெட்டி மூடி ஒன்று பாதியில் நின்றது. மெர்வ் யார் முகத்தையும் பார்க்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்து, வராந்தா நிழலில் கிடந்த மடக்கு நாற்காலியில் விழுந்தார். உடம்பு மொத்தமும் ஒரு மூச்சு விட்டது. ரஸ் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு தகட்டுப் பக்கம் போய், "யோவ், வெங்காயத்தைக் கருக்கிட்ட" என்றார். பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மெர்வுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

ஜெனீன் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். முழுக்கால்சட்டையின் இடது பக்கம் ஈரமாகி ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்காமலேயே சுருட்டினாள். கட்டைப் பார்த்தாள், மூக்கைத் திருப்பிக்கொண்டாள், மறுபடி பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"குளிர்காலம்."

"ஈ கடிக்குதுன்னீங்க."

"ஈயும் உண்டு."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. களைத்துப்போனவள் மாதிரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது என்பது அப்போதுதான் மெர்வ் கண்ணில் பட்டது.

"சரிப்பா. எல்லாரும் போகட்டும். அப்புறம் பேசலாம்."

"இப்பவே பேசு. உக்காந்துதானே இருக்கேன். நிக்கிறவரைக்கும்தான் என்னால பேச முடியல."

மெர்வே ஆரம்பித்தார்.

"அந்த அறைக்கு நான் வரல. கால் கெட்டுப்போச்சு, அது ஒண்ணு. இடுக்கி புடிக்க முடியல, புடிக்கப் பிடிக்கவும் இல்ல, அது வேற. வீடு வேற. இதெல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டாத. நானும் கட்டித்தான் வச்சிருந்தேன், அதான் இவ்வளவு நேரம் நின்னேன்."

"கால் அழுகிட்டிருக்குப்பா."

"தெரியுது. மோப்பம் புடிக்கிற மூக்கு எனக்கும் இருக்கு."

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட."

"அந்தப் பொடியன்கிட்டயா?"

"எந்தப் பொடியனா இருந்தாலும்."

"சரி."

இவ்வளவு சுலபமாக அந்தச் சொல் வந்தது இரண்டு பேருக்கும் ஆச்சரியமாக இருந்தது. ஜெனீன் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருடையதுதான், அவரிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்கும்.

"தினம் நர்ஸ் வந்து கட்டு மாத்தணும்."

"வரட்டும். வந்து அலமாரியைத் திறந்து பாக்கக் கூடாது."

"நான் மாசத்துக்கு ஒரு தடவை வருவேன்."

"நீ வர்றதை எப்ப வேணாம்னு சொன்னேன்? சோதிக்க வர்றதைத்தான் வேணாங்கிறேன்."

ஜெனீன் சுருட்டின கால்சட்டையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள். "சரி. அந்த அறை வேணாம்னு சொல்லிடறேன். இந்த வருஷத்துக்கு."

"இந்த வருஷம் முடிய இன்னும் பத்து நாள்தானே இருக்கு."

"அடுத்த வருஷத்தைத்தான் சொல்றேன்பா," என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கால் ஆறலைன்னா மறுபடி பேசுவேன்."

"பேசு. உக்காந்து கேக்கிறேன்."

அவள் எழுந்து உள்ளே போய்ச் சுத்தமான துணி தேடினாள். மெர்வ் தகட்டுப் பக்கம் பார்த்தார். ஆம்பளைகள் நவ்ரூஸைச் சுற்றி பீரோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தன் குற்றம் சொன்னான், இன்னொருத்தன் எல்லாம் சரியா என்றான். அவன் ஒவ்வொருத்தனுக்கும் நின்று நிதானமாக, பூண்டு எவ்வளவு, தயிர் எவ்வளவு என்று விளக்கிக்கொண்டிருந்தான். இந்த வேகத்தில் போனால் சாயங்காலத்துக்குள் அவனுக்கும் சலித்துப்போகும். அது அவன் பாடு.

மாசூமா ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். ரொட்டி, ஆட்டுக்கறி, வெங்காயம். சமைக்கிறவன் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவான், அதுவரைக்கும் எல்லாம் ஆறிப்போயிருக்கும். இத்தனை வருஷத்தில் மெர்வ் தன் வீட்டுப் பார்பிக்யூவில் சூடாக ஒரு வாய் தின்றதில்லை. அவசரமாக ஒரு துண்டை வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார். பூண்டு கொஞ்சம் தூக்கல். உப்பு போதாது. யாரிடமும் சொல்லாமல் தின்று முடித்தார்.